படியளந்த கை

போன தை மாதம் எங்கள் மூன்று மா சம்பாவை பெல்ட் மிஷின் ஒன்றேகால் மணி நேரத்தில் அறுத்து முடித்தது. மூன்று மா என்றால் ஒரு ஏக்கர். இரவு ஒன்பது மணிக்கு வயலில் இறங்கிய வண்டி பத்தேகாலுக்கு வரப்பேறி அடுத்தவர் வயலுக்குப் போய்விட்டது. நான் டார்ச் லைட்டோடு வரப்பில் நின்றதோடு சரி. அரிவாளைத் தொடவில்லை, நெல்லைக்கூடத் தொடவில்லை. டிராக்டர் பெட்டியில் நெல் கொட்டும் சத்தத்தை வைத்துத்தான் கண்டுமுதல் எவ்வளவு தேறும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வண்டி ஓட்டியவர் எங்கள் ஊர்க்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். டவுனில் ஒருவர் வாங்கி விட்டிருக்கும் வண்டிக்கு டிரைவர். வயலில் இறங்கியதும் அவர் செய்த ஒரு காரியம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. என்ஜினை அணைக்காமல் கீழே இறங்கினார். வடகிழக்கு மூலைக்கு நடந்துபோய் ஒரு கைப்பிடிக் கதிரை ஒடித்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஏறிவந்து கண்ணாடிக்கு முன்னால் செருகினார். அங்கே முந்தின வயல்களின் கதிர்கள் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தன. பிறகுதான், “அண்ணே, ஆரம்பிக்கலாமா?” என்றார்.

அவருடைய பாட்டி என் தாத்தாவை ‘ஆண்டே’ என்று கூப்பிட்டவர். அவருடைய அம்மா என் அப்பாவை ‘ஐயா’ என்பார். இவர் என்னை ‘அண்ணே’ என்கிறார். இந்த மூன்று சொல்லுக்கு நடுவில் எங்கள் பக்கத்தில் குட்டை ரகங்கள் வந்தன, டிராக்டர் வந்தது, அறுப்பு மிஷின் வந்தது. ஆனாலும் பெரிய மாற்றம் எது என்று என்னைக் கேட்டால், வயலில் நடந்ததைச் சொல்ல மாட்டேன். ‘நமக்குப் படியளக்கிறது யார்?’ என்ற கேள்விக்கு மனிதர்கள் தமக்குள்ளே சொல்லிக்கொண்ட பதில் மாறியதே, அதைச் சொல்வேன். அந்தப் பதில் மாறியபோதுதான் முதுகு நிமிர்ந்தது, குரல் மாறியது, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மாறியது.

எனக்கு நினைவு தெரிந்த அறுப்பு 1970களின் கடைசியில் நடந்தது. அப்போது களம் என்று ஓர் இடம் இருந்தது. இப்போது அந்த இடத்தில் கருவேலம் மண்டிக்கிடக்கிறது. தை பிறப்பதற்கு முன்பே களத்தைச் செதுக்கி, தண்ணீர் தெளித்து, சாணி மெழுகுவார்கள். செருப்புக் காலோடு யாரும் ஏறக்கூடாது. வயலில் அறுத்த அரிகளைக் கட்டாகக் கட்டித் தலைச்சுமையாகக் கொண்டுவந்து கட்டடிப்பார்கள். மிச்சமிருக்கும் மணி உதிர, தாளைப் பரப்பி மாடுகளைப் பிணைத்துத் தாம்பு ஓட்டுவார்கள். பிறகு காற்று பார்த்துத் தூற்றுவது. முறத்திலிருந்து நெல் நேராக விழும், பதர் ஒதுங்கி விழும். எட்டு வயதுப் பையனுக்கு அதைவிடப் பெரிய வேடிக்கை இல்லை.

தூற்றி முடித்துக் குவித்த நெல்லுக்குப் பொலி என்று பெயர். பொலியைக் குவித்ததும் களத்தின் பேச்சே அடங்கிவிடும். சாணியில் பிள்ளையார் பிடித்து, அறுகம்புல் செருகி, பொலியின் தலையில் வைப்பார்கள். சுற்றிலும் சாம்பலால் கோடு போடுவார்கள். அளக்கிறவர் கிழக்கே பார்த்து உட்காருவார். மரக்காலைக் குவித்து முதல் அளவை எடுத்துப் போடும்போது ‘ஒன்று’ என்று சொல்ல மாட்டார். ‘லாபம்’ என்பார். அடுத்தது ‘ரெண்டு’. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். எத்தனை கலம் கண்டது என்று அளக்கும்போது யாரும் வாய்விட்டுக் கேட்கக் கூடாது. கண் படும் என்பார்கள். இன்று யோசித்தால் அதில் அச்சத்தைவிட மரியாதைதான் கூடுதலாகத் தெரிகிறது. நூறு நாளுக்கு மேல் தண்ணீரும் வெயிலும் மண்ணும் சேர்ந்து செய்த ஒன்றுக்கு முன்னால் மனிதன் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

நெல் வீட்டுக்குப் போகுமுன் களத்திலேயே பலருக்குப் பிரியும். கோயிலுக்கு ஒரு பங்கு. மடை திறந்து தண்ணீர் விட்டவருக்கு, ஏர் செய்து கொடுத்த தச்சருக்கு, அரிவாளுக்குக் கருக்கு வைத்த கொல்லருக்கு, துணி வெளுத்தவருக்கு, முடி திருத்தியவருக்கு, காவல் இருந்தவருக்கு. இது எங்கள் ஊர் வழக்கம் மட்டும் அல்ல. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கில அளவையாளர் செங்கல்பட்டுச் சீமையில் எடுத்த கணக்குகளில், விளைச்சலைப் பங்கு போடும்போது யார் யாருக்கு எவ்வளவு போக வேண்டும் என்பது ஊர் ஊராகப் பதிவாகியிருக்கிறது. அப்படிக் களத்தில் பிரித்துக் கொடுத்த நெல்லுக்கு அந்தக் காலத்தில் ‘சுதந்திரம்’ என்று பெயர். இந்தச் சொல்லை முதன்முதலில் அந்தப் பொருளில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

அப்படிக் கொடுத்ததை எப்படிக் கொடுத்தார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். அறுத்தவர்கள், கட்டடித்தவர்கள், தூற்றியவர்கள் எல்லோரும் கடைசியில் களத்துக்கு வெளியே வரிசையாக நிற்பார்கள். பெண்கள் முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடிப்பார்கள். அளக்கிறவர் மரக்காலை உயரத் தூக்கி, கை படாமல், மேலேயிருந்து கொட்டுவார். கொஞ்சம் மண்ணில் சிதறும். சிதறியதைக் குனிந்து பொறுக்குவார்கள். பொறுக்கிக்கொண்டே, “ஆண்டே படியளந்தாங்க” என்று சொல்வார் அந்த டிரைவரின் பாட்டி. அவர் நட்டு, களை பறித்து, அறுத்து, சுமந்து, தூற்றிய நெல் அது. அதை அவருக்குக் கொடுத்ததற்காக அவர் நன்றி சொன்னார்.

என் தாத்தா கெட்டவர் அல்ல. ஆனால், ‘நான்தான் இவர்களுக்குச் சோறு போடுகிறேன்’ என்று அவர் முழுமனதோடு நம்பினார். அந்தப் பாட்டியும் அதையே நம்பினார். இருவர் நம்பிக்கையும் ஒன்றாக இருந்ததால்தான் அந்தக் காட்சி சண்டை சச்சரவு இல்லாமல் வருடா வருடம் நடந்தது. படியளக்கிறவர் என்று நாம் சாமியைச் சொல்வோம். அதே சொல்லைப் பண்ணைக்காரருக்கும் கொடுத்ததில்தான் எங்கள் காவிரி டெல்டாவின் பெரிய துக்கம் இருந்தது. மண்ணுக்கும் மழைக்கும் மாட்டுக்கும் போக வேண்டிய நன்றியை நடுவழியில் ஒருவர் வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்த நம்பிக்கை தானாகக் கரையவில்லை. 1940களில் கீழத்தஞ்சையில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் சேரி சேரியாக நடந்தார்கள். கன்னட நாட்டிலிருந்து வந்தவர் அவர். தமிழைப் பேசிப் பழகி, இந்த மக்களோடு இருந்து, இந்த மண்ணிலேயே 1961-ல் இறந்தார். சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த இடத்தில், ‘உன் உழைப்பைத்தான் நீ சாப்பிடுகிறாய், யாரும் உனக்குப் பிச்சை போடவில்லை’ என்ற எண்ணத்தை அந்த இயக்கம் விதைத்தது. அப்போது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, கூலி நெல்லை முத்திரை போட்ட மரக்காலில் அளக்க வேண்டும் என்பது. வாங்குவதற்குப் பெரிய மரக்கால், கொடுப்பதற்குச் சின்ன மரக்கால் என்று வைத்திருந்த இடங்களில் அந்த முத்திரை எவ்வளவு பெரிய விஷயம் என்பது கூலி வாங்கியவர்களுக்குத்தான் தெரியும். அளவு சரியாக இருக்க வேண்டும் என்று கேட்கிறவன், இது தானம் இல்லை என்று ஏற்கெனவே தனக்குள் முடிவு செய்துவிட்டான்.

1952-ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகும் மனது உடனே மாறவில்லை, கொடுத்த பக்கத்தில் மாற இன்னும் நாளானது. கூலி நெல்லை உயர்த்தக் கேட்ட போராட்டங்களின் முடிவில், 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைபட்டு நாற்பத்து நான்கு பேர் எரிந்து போனார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். அடுத்த ஆண்டு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. எங்கள் வீட்டில் அந்த ஊரின் பெயரை யாரும் உச்சரித்ததில்லை. நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அப்படி ஓர் ஊர் இருப்பதே தெரிந்தது. எங்கள் களத்தில் பொலி குவித்து, சாணிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் காட்டிய அதே தை மாதங்களில் நாங்கள் எதையெல்லாம் பேசாமல் இருந்தோம் என்பதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

கீழ்வெண்மணி இருக்கும் அதே நாகைப் பக்கத்தில்தான் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் 1981-ல் லாஃப்டி இயக்கத்தைத் தொடங்கினார்கள். வெண்மணிக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்து தங்கிய காந்தியர்கள் அவர்கள். உழுபவரின் விடுதலைக்கு நிலம் என்று அதற்குப் பொருள் வைத்து, ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் நிலமற்ற குடும்பங்களின், குறிப்பாகப் பெண்களின் பெயருக்கு மாறப் பாடுபட்டார்கள். தன் பெயரில் பட்டா இருக்கும் நிலத்தில் ஒரு பெண் முதல் கதிரை அறுக்கும்போது அவள் யாருக்கு நன்றி சொல்வாள்? சூரியனுக்கு நேராகவே சொல்லலாம். நடுவில் யாரும் நிற்க வேண்டியதில்லை.

இனி எங்கள் பக்கத்து மனசுக்கு வருகிறேன். நிலம் வைத்திருந்தவர்களின் நம்பிக்கையும் மாறியது. ஆனால் வேறு திசையில்.

அறுபதுகளில் தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண் திட்டத்தில் சேர்ந்தது. ஆடுதுறை 27 போன்ற குறுகிய கால ரகங்கள் வந்தன. குறுவையும் தாளடியும் கூடுதலாக விளைந்தன. பசி குறைந்தது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் பேச்சில் சில சொற்கள் காணாமல் போயின. ‘இந்த வருசம் மண்ணு குடுத்துச்சு’ என்று தாத்தா சொல்வார். அப்பா, ‘மாவுக்கு எட்டு மூட்டை எடுத்தேன்’ என்றார். நான், ‘செலவு போக என்ன நிக்கும்?’ என்கிறேன். கொடுத்தது, எடுத்தது, நிற்பது. மண் எழுவாயாக இருந்த வாக்கியத்தில் மனிதன் வந்து உட்கார்ந்தான். பிறகு அவனும் எழுந்து போய்விட்டான், பணம் உட்கார்ந்துகொண்டது.

என்னைக் குறை சொல்வதிலும் பொருள் இல்லை. மிஷினுக்கு மணிக்கு இரண்டாயிரத்துக்கு மேல் கொடுக்கிறோம். அறுத்த நெல்லை நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால், ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தை மாதப் பனியில் அது எங்கே நிற்கும்? சாலையோரத்தில் கொட்டி, கிளறி, தார்ப்பாய் மூடி, நாள் கணக்காகக் காத்திருக்கிறோம். ராத்திரி மழைத் தூறல் விழுந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் படுத்திருப்பவனுக்கு நெல் லட்சுமியாகத் தெரியுமா, கடன் பத்திரமாகத் தெரியுமா? பழைய களத்தில் பொலிக்கு முன்னால் அமைதியாக இருந்தவர்களுக்கும் கவலை இருந்தது. ஆனால் அந்த ஒரு மணி நேரம் கவலையை வெளியே நிறுத்தி வைக்கச் சாம்பலால் ஒரு கோடு இருந்தது. எங்களிடம் அந்தக் கோடு இல்லை.

அப்படிக் கோடு இல்லாத ஒரு வருடத்தை மறக்க முடியாது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தில் பாதிகூடப் பெய்யவில்லை. மேட்டூரிலும் தண்ணீர் இல்லை. சம்பா கதிர் வரும் முன்பே காய்ந்தது. 2017 ஜனவரியில், பொங்கலுக்குச் சில நாள் முன்பு, எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக மாநில அரசு அறிவித்தது. அந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் புதுநெல் இல்லை. அம்மா கடையிலிருந்து அரிசி வாங்கிவரச் சொன்னார். அப்பா ஈசிசேரிலிருந்து எழவில்லை. “என்னத்த வெளைஞ்சுதுன்னு பொங்க வைக்கிற?” என்றார். அம்மா வாசலில் அடுப்புக் கட்டியைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: “மழைதான் வரல. வெயிலு ஒரு நா தவறாம வந்துச்சு. வந்தவங்களுக்கு எல போட வேணாமா?”

2003-ல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு பிரிவினர் பத்து வாரம், வாரத்துக்கு ஒருமுறை, தாங்கள் நன்றியோடு நினைக்கும் சிலவற்றை எழுதினார்கள். இன்னொரு பிரிவினர் எரிச்சலூட்டியவற்றை எழுதினார்கள். நன்றியை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைக் கூடுதல் நிறைவோடு பார்த்தார்கள். படித்தபோது அம்மாவின் அடுப்புக் கட்டிதான் நினைவுக்கு வந்தது. அந்த வருடம் எங்கள் வீட்டில் இருவருக்கும் இருந்த நிலம் ஒன்றுதான், நட்டமும் ஒன்றுதான். அப்பாவுக்கு அது எல்லாம் முடிந்த வருடம். அம்மாவுக்கு மழை வராத வருடம். அடுத்த ஆடியில் விதைநெல்லுக்கு யாரிடம் போகலாம் என்று முதலில் பேச்சை எடுத்தவர் அம்மாதான்.

ஆனால் இதை வைத்து, மனதை மாற்றினால் எல்லாம் சரியாகும் என்று நான் சொல்ல மாட்டேன். அதே பருவத்தில், கருகிய பயிரைப் பார்த்து வயலிலேயே விழுந்து இறந்தவர்களும், கடனுக்குப் பயந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் டெல்டாவில் இருந்தார்கள். அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று நம்பிக்கையைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. அணையில் தண்ணீர் இல்லாததை எந்த மனசும் நிரப்பாது. 2020-ல், எட்டு வருடத்துக்குப் பிறகு, ஜூன் 12 அன்று வழக்கமான நாளில் மேட்டூர் திறந்தபோது வாய்க்காலில் வந்த தண்ணீர்தான் அப்பாவை மறுபடி வயலுக்கு நடக்க வைத்தது. அம்மாவின் பொங்கல் செய்தது, அந்தத் தண்ணீர் வரும்வரை நிலத்தை விற்காமல் வைத்திருந்தது. அது சின்ன விஷயம் இல்லை.

நன்றி என்ற சொல்லை அம்மாவோ என் பாட்டியோ வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. மேடைகளிலும் கடிதங்களிலும்தான் அந்தச் சொல் இருந்தது. எங்கள் ஊரில் நன்றியைக் கையால்தான் செய்தார்கள். முதல் கதிரைக் குஞ்சமாகக் கட்டித் திண்ணை உத்தரத்தில் குருவிக்குத் தொங்கவிடுவது, மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்கு ஊட்டிய பிறகு சாப்பிடுவது, இரவல் வாங்கிய படியைத் தலைதட்டாமல் குவித்துத் திருப்பிக் கொடுப்பது. அந்தக் கை வழக்கத்தை எங்கள் காலத்தில் மறுபடி உயிர்ப்பித்தவர் என்று நான் நினைப்பது கட்டிமேடு நெல் ஜெயராமனை. இயற்கை வேளாண்மைக்காக உழைத்த நம்மாழ்வாரோடு நடந்தவர். 2006 முதல் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார். வருகிற உழவருக்கு இரண்டு கிலோ பாரம்பரிய விதைநெல் கொடுப்பார். காசு கிடையாது. அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அது இன்னொருவருக்குப் போகும். மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் பூங்காரும் குழியடிச்சானும் இப்படித்தான் கை மாறிக் கை மாறிப் பரவின. 2018 டிசம்பரில் அவர் இறந்தபோது, அவர் கொடுத்த விதை எத்தனையோ வயல்களில் கதிர்விட்டு நின்றது.

கொடுத்தவருக்கே திரும்பாமல் முன்னால் போகும் நன்றி அது. வாங்கியவர் குனிய வேண்டியதில்லை. அடுத்தவருக்குக் கொடுக்கும்போது அவரும் கொடுக்கிறவர் ஆகிவிடுகிறார். பழைய களத்தில் எங்கள் தாத்தாக்களுக்கு இது எட்டவில்லை.

இப்போது எங்கள் ஊரில் நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். கயிறு பிடித்து வரிசையாக, வேகமாக நடுகிறார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி முடிப்பதோடு நம் உறவு முடிகிறது. அவர்கள் நட்ட நெல்லில் நாம் பொங்கல் வைக்கும்போது அவர்கள் வேறு ஏதோ ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. தாத்தாவுக்குத் தன் வயலில் இறங்கிய ஒவ்வொருவர் பெயரும் தெரியும். ஆனால் அவர்களைச் சமமாகப் பார்க்கத் தெரியாது. எனக்குச் சமமாகப் பார்க்கத் தெரியும், பெயர் தெரியாது. இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அடுத்த நடவிலாவது கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த டிரைவர் சம்பாதித்து, அவருடைய அம்மா பெயரில் அரை ஏக்கர் வாங்கியிருக்கிறார். எங்கள் வயலுக்கு இரண்டு வயல் தள்ளி. எங்களுடையதை அறுத்த இரவே விடியும் முன் அதையும் அறுத்தார். மூன்றாம் நாள் காலையில் அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். எண்பதை நெருங்கிவிட்டார். இடுப்பில் ஒரு கூடை, அதன் மேல் வெள்ளைத் துணி. முன்பெல்லாம் கொல்லைப்பக்கம்தான் வருவார். அன்று வாசல் வழியாக வந்தார்.

“புதுநெல்லும்மா. மொத மொதல்ல வெளைஞ்சது. கோயிலுக்குக் குடுத்துட்டேன், அடுத்து உங்களுக்குத்தான்” என்றார்.

அம்மா திண்ணையிலிருந்து எழுந்தார். பாத்திரம் எடுக்க உள்ளே போவதா, கூடையோடு வாங்கிக்கொள்வதா என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு நிமிடம் அப்படியே நின்றார். பிறகு முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.

அந்த அம்மா கூடையை உயரத் தூக்கவில்லை. முந்தானையோடு ஒட்ட இறக்கி, கையால் அள்ளி அள்ளி வைத்தார். முதல் கையை வைக்கும்போது, “லாபம்” என்றார்.